தேறக் கூடாத தேர்வு

"வருஷத்துக்கு எத்தனை மாசம், டேரின்?"

"பன்னெண்டு, மிஸ் ஜோலீன்."

ஒஹாயோ பள்ளியொன்றின் உளவியலாளர் ஜோலீன் தலையில் கைவைத்துக்கொண்டாள். "தெரியாதுன்னு சொல்லுடி. நாளைக்குச் சோதனையில நீ தேறிட்டா, இவளுக்கு இனிமே உதவி வேணாம்னு மாவட்டக் கல்வி ஆபீஸ்ல நிறுத்திருவாங்க."

"அப்ப வியாழக்கிழமை உங்ககிட்ட வர முடியாதா?"

"முடியாது."

பத்து வயது டேரின் வாய்திறந்து பேசுவதே வாராவாரம் ஜோலீனோடு இருக்கும் அந்த வியாழக்கிழமை ஒரு மணி நேரம்தான்.

மறுநாள் மாவட்டக் கல்வி அதிகாரி கேட்ட அத்தனை கேள்விக்கும் அவள் அக்கறையாகத் தப்புச் சொன்னாள். வாத்துக்கு நாலு கால் என்றாள்.

அடுத்த வாரம் ஜோலீனுக்குக் கடிதம் வந்தது: 'மூன்றாண்டு உதவியில் மாணவியிடம் துளி முன்னேற்றமும் இல்லை. பலனற்ற இந்த ஏற்பாடு இன்றோடு நிறுத்தப்படுகிறது.'

வியாழக்கிழமை இனி இல்லை என்று ஜோலீன் சொன்னதும் டேரினின் முகம் வாடிவிட்டது.

"மிஸ், நான் எதையாச்சும் சரியாச் சொல்லிட்டேனா?"