கத்தி படாத பிரதி

“கத்தியக் கீழ போடு, ஒத்தீலியா!”

“மாட்டேன். இன்னிக்கு இந்தப் புத்தகத்தப் பிரிச்சே தீருவேன்.”

எவரிஸ்தோ மனைவியின் கையிலிருந்து புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். வால்பரைசோ துறைமுகத்து அச்சகங்கள் தாள்களை மடித்தபடியே தைத்துவிடும். வாசிப்பவர்தான் ஓரங்களை அறுத்துக்கொள்ள வேண்டும். அறுக்காத பிரதிக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மவுசு. அலமாரி நிறைய இருந்த அவருடைய பாய்மரக் கப்பல் புத்தகங்களில், கேப்டன் உருத்தியா எழுதிய இந்த ஒன்றைப் பார்த்துத்தான் துறைமுகமே பொறாமைப்பட்டது.

“வாங்கி இருபது வருஷமாச்சு. ஒரு பக்கமாவது படிச்சியா, கிழவா?”

“படிக்கிறதுக்கா வாங்கினேன்? தூசி தட்டுறவளுக்குக் கப்பலப் பத்தி என்னடி தெரியும்?”

“தட்டுற சாக்குல உன் அலமாரி மொத்தத்தையும் படிச்சவ நான்.”

“படிச்சுக் கிழிச்ச! அந்தக் கேப்டனோட கால் தூசுக்கு ஆவியா நீ?”

ஒத்தீலியா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் துளி ஈரம் இல்லை.

“அப்படி ஒரு கேப்டனே கிடையாது. பொம்பள எழுதினா எவனும் அச்சடிக்க மாட்டான்னு நான் வெச்சுக்கிட்ட பேரு அது. நீ இத வாங்கிட்டு வந்த அன்னியிலேருந்து, எப்போ பிரிப்பியோன்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் கத்தியின் பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

“யாருக்குக் காணிக்கைன்னு முதல் மடிப்புக்குள்ள போட்டிருக்கேன். அத மட்டுமாவது அறுத்துப் படி.”