நாள் எழுதாத கட்டம்

“2018 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. வானிலை: கடும் மூடுபனி. இது போதுமா சார், இல்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் எழுதணுமா?” என்று கேட்டாள் லிதியா.

“காத்தே இல்லையே. அதையும் எழுதுங்க,” என்றார் போகொமீர்.

லியூப்ளியானாவில் ரயில்வே அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மேசைக்கு நடுவில் விசாரணை அதிகாரி போகொமீர். அவருக்கு வலப்பக்கம் தணிக்கை அலுவலர் லிதியா. எதிரே, சீருடையின் எல்லாப் பொத்தான்களையும் பூட்டிக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் நெவென்கா. அவளுடைய இருபத்தாறு ஆண்டு உத்தியோகம் நிலைக்குமா, போகுமா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

“விஷயத்துக்கு வருவோம்,” என்றாள் லிதியா. “போன மாசம், ஆஸ்திரியாவுல இருக்கிற வில்லாக்குக்குப் போற சாயங்கால வண்டி. ஒரு பயணிகிட்ட நம்ம ரயில்வே ஊழியருக்குக் குடுக்கிற பாஸ் இருந்துச்சு. ஐரோப்பாவுல எந்த நாட்டுக்கும் அதை வெச்சுப் போகலாம், காசு கிடையாது. ஒரே நிபந்தனை, வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி அன்னைக்குத் தேதியைக் கட்டத்துல தன் கையால பேனாவால எழுதணும். அவர் எழுதல. சரிதானே?”

“சரி மேடம்.”

“எழுதாத கட்டத்தை மறுநாளும் காட்டலாம், அடுத்த மாசமும் காட்டலாம். அது திருட்டு. பாஸைப் பறிச்சு, ஆளை அடுத்த ஸ்டேஷன்ல இறக்கணும். நீங்க என்ன பண்ணீங்க?”

“என் பேனாவால நானே தேதி எழுதினேன்.”

“அதோட விட்டீங்களா? ‘ஒரு பாஸில் தேதி என் கையால் எழுதப்பட்டது’ன்னு அன்னைக்கு அறிக்கையிலயும் எழுதி வெச்சிருக்கீங்க. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

“செஞ்சதை எழுதாம விட முடியாதே மேடம்.”

“பயணியோட பேரை மட்டும் எழுதாம விட முடிஞ்சுதாக்கும்?”

நெவென்கா சீருடையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டாள்.

“ஏதாவது வாங்கினீங்களா?”

“ஒரு நன்றி. அதையும் அவர் முழுசாச் சொல்லி முடிக்கல.”

போகொமீர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்க ஏன் எழுதணும்?”

“எல்லை ஸ்டேஷன் யெசெனிட்சேல நாங்க இறங்கிடுவோம் சார், ஆஸ்திரியாக்காரங்க ஏறுவாங்க. காலிக் கட்டத்தைப் பார்த்தா அங்கேயே இறக்கிவிட்டிருப்பாங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் போக வேற வண்டியும் இல்லை.”

“அவருக்கு அப்படி என்ன அவசரம்?”

“மகள் வில்லாக் ஆஸ்பத்திரியில. விடியற வரைக்கும் தாங்காதுன்னு போன் வந்துச்சாம். பேனாவைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். கை நின்னாத்தானே எழுத?”



“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு,” என்றாள் லிதியா, குரலைத் தாழ்த்தி. “ஆனா, ‘எக்காரணம் கொண்டும் விதிவிலக்கு இல்லை’ன்னு சுற்றறிக்கை சொல்லுது. அந்த வரியை எழுதினவரே சார்தான். ஒரு வழி இருக்கு. பேரைச் சொல்லிடுங்க. குற்றம் அந்தாளோட போயிடும், உங்களுக்குக் கண்டிப்புக் கடிதம் மட்டும்தான். சொல்லலேன்னா நீங்க உடந்தை. வேலை போயிடும்.”

“பேரை நான் கவனிக்கல மேடம்.”

“இத்தனை வருஷமா டிக்கெட் பார்க்கிறவங்க பேரைக் கவனிக்கலையா? என் வீட்டுப் பூனைகூட நம்பாது.”

போகொமீர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நெவென்கா அம்மா, சொல்லிடுங்க. யாரோ ஒருத்தருக்காக நீங்க ஏன் பிழைப்பைக் கெடுத்துக்கணும்? அவர் எந்தப் பதவியில இருந்தாலும் சரி, பயப்படாமச் சொல்லுங்க.”

“பயமில்லை சார்.” மேசைமேல் கோத்திருந்த அவருடைய கைகளைப் பார்த்தபடியே அவள் பேசினாள். “சாகக் கிடக்கிற மகளைப் பார்க்கப் போனவரை இப்பக் காட்டிக் கொடுக்கிறதுக்கு, அன்னைக்கே இறக்கிவிட்டிருக்கலாமே.”

“இன்னொரு தடவை கேக்கிறேன்.”

“இன்னொரு தடவையும் அதேதான் சார்.”

லிதியா பேனாவை மூடினாள். “உத்தரவை எழுதிடுங்க சார். இனி இதுல பேச ஒண்ணுமில்லை.”

போகொமீர் எழுதினார். சுற்றறிக்கை எழுதிப் பழகியவருக்கே உரிய நிதானத்துடன், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். எழுதியதை ஒரு முறை வாசித்து, விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார். பிறகு கையெழுத்திட்டு, தாளை லிதியாவிடம் நீட்டினார்.

அவள் உரக்கப் படித்தாள்: “‘பயணியின் பாஸ் நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது, அவர்மீது துறை நடவடிக்கை எடுக்கப்படும். பரிசோதகருக்குக் கண்டிப்பு மட்டும்.’ என்ன சார் இது? பேர் இல்லாம இது செல்லாதே. பயணியோட பேர் எங்கே?”

“கீழே இருக்கு.”

“கீழே உங்க கையெழுத்துதானே இருக்கு?”

“ஆமா,” என்றார் போகொமீர்.

நெவென்கா மெல்ல எழுந்து நின்றாள். வேலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அன்னைக்கு மகள் கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தாளா சார்?” என்று மட்டும் கேட்டாள்.