ஒரு கைச் சோதனை

மழை விட்ட மதிய வெயில் வேதியியல் லேபின் கண்ணாடிக் குழாய்களில் மினுங்குகிறது. பிளஸ் டூ படிக்கும் ஸ்ரீப்ரியாவுக்குப் பிறவியிலேயே இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. வலது கையால், சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் ப்யூரெட் குழாயின் திருகைத் திறந்து மூடுகிறாள். பிறகு அதே கையால் கீழிருக்கும் குடுவையைச் சுழற்றுகிறாள். இரண்டையும் ஒருசேரச் செய்ய முடிந்த மற்றவர்கள் எப்போதோ முடித்துப் போய்விட்டார்கள். அவளை அழைத்துப் போக வந்த அப்பா குற்றாலலிங்கம், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு வியாபாரி, வாசலிலேயே நிற்கிறார். “நீங்க ஒரு கை பிடிச்சுக் குடுக்கப்பிடாதா டீச்சரே?” என்று தணிந்த குரலில் கேட்கிறார். “தனியாப் பண்ணினாத்தான் மார்க், சார். விலக்கு வாங்கித் தரேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டா,” என்கிறார் நாகலக்ஷ்மி டீச்சர். ஒரு சொட்டு விழுகிறது. குடுவையில் இளஞ்சிவப்பு படர்ந்து, சுழற்றியதும் கரைந்துபோகிறது. இன்னொரு சொட்டு. சுழற்றுகிறாள், சுழற்றிக்கொண்டே இருக்கிறாள்; இம்முறை நிறம் போகவில்லை. “மிஸ்ஸே, ஆயி,” என்று சோதனை முடிந்ததை மலையாளத்தில் சொல்கிறாள். டீச்சர் குனிந்து பார்த்துத் தலையசைக்கிறார். குற்றாலலிங்கம் வராந்தாவில் போகும் முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரை நிறுத்தி, உள்ளே கைகாட்டிச் சொல்கிறார்: “அது எம் மகளாக்கும்.”