முளையில் கட்டிய கொக்கு

போலகத்து வயலில் வெயில் ஏறுகிறது. பிலோமின்ராஜ் துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கிறார். தோட்டாவின் வெற்றுக்கூடு சேற்றில் விழுகிறது. மலிவாக வாங்கிய துப்பாக்கிதான். தன் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தப் பூவரசில் அவரே பின்கட்டை செதுக்கிப் பொருத்தினார். விசையையும் அரத்தால் ராவி இளக்கிவைத்திருக்கிறார். "ஒரே வெடி! இங்கேருந்து அங்க!" என்று கூட வந்த மச்சான் சந்தனசாமி முதுகில் தட்டுகிறான். இருவரும் சிரித்தபடியே வரப்பில் நடந்து, சுட்டு விழுந்த கொக்கிடம் போகிறார்கள். அதன் காலில் கயிறு, மறுமுனை தரையில் அடித்த முளையில். பறக்கிற கொக்குகளை இறங்கவைக்க வலைக்காரர்கள் கட்டிவைக்கும் கொக்கு அது. இரண்டு கண்களும் நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. கோரைக்குப் பின்னாலிருந்து வலைக்காரி பூவாயி எழுந்து வருகிறாள். குனிந்து கொக்கின் கழுத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். "இத வச்சுத்தாங்க எங்க வூட்ல ஒல கொதிக்கிது." சந்தனசாமி முந்திக்கொள்கிறான். "தெரியாம நடந்துபோச்சு, வுடு புள்ள." அவள் அவனைப் பார்க்கவே இல்லை, பிலோமின்ராஜின் கையிலிருக்கும் துப்பாக்கியை மேலும் கீழுமாகப் பார்க்கிறாள். "சுத்தி அத்தினி கொக்கு பறந்துச்சே. இது அசையாம நிக்கிதுன்னுதானே இத சுட்டீங்க?" பிலோமின்ராஜ் குனிந்து, செத்த கொக்கின் காலிலிருந்து முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார். "ஆமா" என்கிறார்.