கடைசி போட்டோ

ஒரு தீவு. அங்கே டைவிங் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு ஆமையைப் பார்க்கத்தான் வருவார்கள். அந்த ஆமைக்கு இப்போது மூச்சு முட்டியது. மேலே போய்க் கொஞ்சம் காற்று வாங்கினால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டே திரியும் ஒட்டுமீன் விடவில்லை. "அண்ணே, பொறுங்க. அந்த மஞ்சள் முகமூடி அக்கா இன்னும் போட்டோ எடுக்கல. நீங்க போயிட்டா நம்ம தீவோட மானம் என்னாகுறது?"

ஆமை பொறுத்தது. மஞ்சள் முகமூடி எடுத்து முடித்ததும் ஒரு புதுமண ஜோடி வந்தது.

"இவங்கதான் கடைசி, அண்ணே. சத்தியமா."

"இதையேதான்டா மூணு தடவையா சொல்ற." ஆமைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு மூச்சுக்கா இந்தப் பாடு? நானெல்லாம் மேலே போறேனா?"

"உனக்குச் செவுள் இருக்குடா, வெண்ணெ!"

ஆமை ஒரே பாய்ச்சலில் மேலே ஏறியது. வெயில் ஊடுருவிய தண்ணீரில் அது ஏறிய அழகை எல்லாரும் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

தலையை வெளியே நீட்டி ஆமை இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. அடியிலிருந்து ஒட்டுமீன் பெருமையாகக் கத்தியது: "பாத்தீங்களா அண்ணே? நான் நிறுத்தி வச்சதாலதான் இப்படி ஒரு படம் கிடைச்சுது!"

ஆமைக்குத் திட்டக்கூட மூச்சு இல்லை.