சுத்தமாக வந்த பூஜ்ஜியம்

வாசலிலேயே துப்பட்டாவை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள்.

வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து ஸ்கூட்டிக்காரப் பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டுவது வழக்கம்தான். அவள் பஸ்ஸில் வந்தவள். பஸ்ஸில் எதற்குக் கட்டினாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கள் தெருவைத் தவிர.

ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்தையும் நேரில் நின்ற முகத்தையும் மேற்பார்வையாளர் மாறி மாறிப் பார்த்தார்.

"அரியரா?"

சத்தமாகத்தான் கேட்டார். தலையை ஆட்டினாள்.

"அரியர்லாம் கடைசி வரிசை."

நல்லவேளை, அடுத்த வீட்டு ஜெர்லின் அப்போது பையை வெளியே வைக்கப் போயிருந்தாள். அவள் உள்ளே வந்தபோது, கடைசி வரிசையில் ஒருத்தி விழாத பேனாவை மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசைக்காரி கணிதம் முடித்துவிட்டாள், முதல் வகுப்பு, மேலே படிக்க இடம் பார்க்கிறாள். தெருவில் அவள் அம்மா சொல்லிவைத்திருப்பது இது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அம்மாவிடம் அவள் சொல்லிவைத்திருப்பதும் இதுவே.

ஒரு பேப்பர் நிற்கிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் பகுப்பாய்வும். பெயரை வாசித்து முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும்.

முதல் வகுப்பு என்றால் சும்மா விடுவார்களா? அடுத்த வீட்டு ஸ்டெல்லா தன் மகள் ஜெர்லினை இழுத்துவந்து உட்காரவைத்தாள். அதே கல்லூரி, இரண்டாம் வருஷம், அதே பாடம்.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவளிடம் இருந்த ஒரே காரணம் வெளியே சொல்ல முடியாதது.

நடத்தினாள்.

புத்தகத்தைத் திறக்காமல் நடத்தினாள். முதல் வகுப்புக்காரி பிள்ளை எதிரே புத்தகத்தைப் புரட்டினால் நன்றாகவா இருக்கும்? சுவர் தாண்டிக் குரல் கேட்கும். அத்தனை தெளிவான குரல். நாங்களே நம்பினோம்.

வினாத்தாள் வந்தது.

அந்தக் கணக்கு இருந்தது. சமன்பாட்டுக்கு மூலம் இரண்டு, இரண்டும் ஒரே எண். அவள் நடத்திய வழி சுலபமானது. ஒரே விடையை இரண்டு தடவை எழுது. ஒன்றின் முன்னால் ஏ, மற்றதன் முன்னால் பி. கூட்டு.

எழுதினாள்.

கீழே இன்னொரு வரி. இரண்டு விடைகளும் ஒன்றையொன்று சாராதவை எனக் காட்டுக.

அதற்கு ஓர் அணிக்கோவை உண்டு. போட்டுப் பார்த்துப் பூஜ்ஜியம் வராவிட்டால் இரண்டும் தனித்தனி.

பூஜ்ஜியம் வந்தது.

மறுபடி போட்டாள். மறுபடியும் பூஜ்ஜியம்.

பேனா நின்றது.

அங்கே இரண்டு விடை இல்லவே இல்லை. ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவை வரிசையில் வந்து நிற்கிறான். இரண்டாவதை ஓர் எக்ஸால் பெருக்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஓர் எக்ஸ். போன தடவை அவளைக் கவிழ்த்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

அடித்தாள். எக்ஸைச் சேர்த்தாள். பூஜ்ஜியம் போய் அணிக்கோவை நிமிர்ந்து நின்றது.

பாஸ். இந்தத் தடவை பாஸ்.

சந்தோஷத்தில் தலையைத் தூக்கியவளுக்கு முன்வரிசை தெரிந்தது.

ஜெர்லின் எழுதிக்கொண்டிருந்தாள். நிற்காமல், யோசிக்காமல். சொல்லிக் கொடுத்தவளை நம்புகிறவள் எழுதுகிற வேகம்.

கூப்பிட முடியாது. இருமலாம். இருமினால் திரும்புவாள். திரும்பினால் பார்ப்பாள்.

எக்ஸ் என்று யாராலும் இரும முடியாது, உண்மைதான்.

ஆனால் அவள் இருமாமல் இருந்தது அதற்காக இல்லை.

மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்தாள். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வேப்பமரத்தைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டாள்.

"யக்கா!"

தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்குக் கண் மட்டும் போதாதா?

ஜெர்லின் ஓடிவந்து தோளில் கை போட்டாள்.

"எனக்காகவா வந்தீங்க? இந்த வெயில்லயா?"

அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள் ஜெர்லின்.

"நீங்க சொன்ன கணக்கே வந்துச்சுக்கா. அப்படியே போட்டுட்டேன். அடுத்து செக் பண்ணச் சொல்லிருந்தான். பூஜ்ஜியம் வந்துச்சு. சுத்தமா வந்துச்சுல்லா, அப்போ சரியாத்தான் இருக்கும்னு வச்சுட்டேன்."

சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, யக்கா காலேஜுக்கே வந்துட்டாவ. எனக்காக." போனை நீட்டினாள். "அம்மா பேசணுமாம்."

வாங்காமல் இருக்க முடியுமா?

"ஏட்டி," என்றாள் ஸ்டெல்லா. குரல் தழுதழுத்தது. எங்கள் தெருவில் அந்தக் குரல் தழுதழுத்து யாரும் கேட்டதில்லை. "பெத்த நானே போகல. நீ போய் நிக்கியே. ஒனக்கு நான் என்னட்டி செய்யப்போறேன்?"

பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை.

ஜெர்லின் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைக் காதில் வைத்தபடியே அவள் தன் முகத்திலிருந்து துப்பட்டாவை இறக்கினாள்.

"அடுத்த தடவை ஜெர்லின் இதே பேப்பர எழுத வரும்போதும் நானே கூட வாரேன்," என்றாள் ஸ்டெல்லாவிடம்.

போனில் ஸ்டெல்லா கேட்டாள்.

"அடுத்த தடவையா?"

தோளில் கிடந்த ஜெர்லினின் கை மெல்ல இறங்கியது.