இரண்டு இனிஷியல்

நூலகத்துக் கணினித் திரையில் அவள் இரண்டு புள்ளிகளாகக் கிடக்கிறாள். யார் யாரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் படம் அது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், அப்புறம் கணவரின் இனிஷியல். கணினிக்கு அவள் இரண்டு பேர். அவளை மேற்கோள் காட்டியவர்களின் கணக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கிறது. பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். “ரெண்டும் நீங்கதான்னு எதை வச்சு மேடம் சேர்க்கிறது?” என்று நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். திரையில் விழும் சன்னல் வெயிலைக் கையால் மறைத்து அவள் குனிகிறாள். இரண்டுக்கும் நடுவே கடுகத்தனை புள்ளி ஒன்று, இரு பக்கமும் கோடு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது ஆய்வகத்தில் மண் சலிக்கும் அண்ணன். ‘சலிக்கிறவர் பேரெல்லாம் எதுக்கு?’ என்று மற்றவர்கள் சிரித்தாலும், கட்டுரைக்குக் கட்டுரை அவள் விடாப்பிடியாகச் சேர்த்த பெயர். கூப்பிட்டதும் புழுதிக் கையோடு வந்து நிற்கிறார். “அந்தப் பழைய பேரும் இவங்கதான் சார். வந்த அன்னைக்கே என் சல்லடையக் கிழிச்சவங்களாச்சே, மறக்குமா?” நூலகர் சிரித்தபடி பொத்தானை அழுத்துகிறார். இரண்டு புள்ளிகளும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ள, அண்ணனின் இரு கோடுகளும் ஒன்றாகித் தடிக்கின்றன. “பக்கத்துல இந்தப் பொடிசு யாரும்மா?” என்கிறார் அண்ணன். அவள் அந்தக் கடுகுப் புள்ளியில் விரல் வைக்கிறாள். “நீங்கதாண்ணே. நீங்க இல்லன்னா நான் ரெண்டாவே கெடந்திருப்பேன்.”